நல்ல நேரத்தில் போட்ட ஸ்விட்ச்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. இங்க உக்காந்தாத்தான் அந்தக் கதவு தெரியும். உள்ள எங்க மாப்பிள்ளை இருக்காரு. கரண்ட் அடிச்சிருச்சு. காலையில கொண்டாந்து சேத்தோம், இன்னும் கண்ணு முழிக்கல. இதயம் நின்னு போயித் திரும்ப ஓடுதாம். "முழிக்கட்டும், முழிச்சாத்தான் எதையும் சொல்ல முடியும்"னு டாக்டரம்மா சொல்லிட்டு உள்ள போனாங்க. அதுலேர்ந்து இந்தக் கதவைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.

நீங்க யாரைக் கொண்டாந்தீங்க? அம்மாவா? நெஞ்சுல வலியா? பயப்படாதீங்க, வாயுவா இருக்கும். இந்தக் குளிருக்கு அதுதான் பிடிக்கும்.

நான் காசிலிங்கம். ஏரிக்கு மேல போற ரோட்டுல செண்பகா லாட்ஜ்னு இருக்குல்ல, அதுக்கு மேனேஜர். முதலாளியம்மா மதுரையில இருக்காங்க, எப்பவாவதுதான் வருவாங்க. மத்தபடி எல்லாம் நம்ம பொறுப்பு. காபி வாங்கி வச்சேன், அது பாட்டுக்கு ஆறிப்போயிக் கிடக்கு. யாருகிட்டயாவது சொன்னாத்தான் எனக்கு மூச்சு விட முடியும். கூட வந்தவ பாண்டியம்மா, எங்க லாட்ஜ்ல ரூம் பெருக்குற பொம்பளை. அதோ, அந்தத் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டா. எம் மூஞ்சியப் பாக்க மாட்டாளாம். நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

கொடைக்கானல்ல லாட்ஜ் நடத்துறதுன்னா என்னன்னு நினைக்கிறீங்க? மெத்தை, டிவி, ஜன்னலத் திறந்தா மலை, அதெல்லாம் அப்புறம். சுடுதண்ணி வரணும் தம்பி. அது வரலைன்னா மெட்ராஸ்லேர்ந்து வந்தவன் சட்டையைப் பிடிப்பான். எங்க லாட்ஜ்ல பின்னாடி ஷெட்டுல ஒரு பாய்லர் இருக்கு. பாய்லர்னுதான் நாங்க சொல்றது, விறகெல்லாம் கிடையாது, கரண்ட்ல ஓடுறது. ஆள் உயரத்துக்கு இரும்பு டாங்கி. அடிப்பக்கம் ஒரு தகடு, அந்தத் தகடு வழியா காயில் உள்ள போகும். நம்ம வீட்டு ஹீட்டர்ல இருக்குமே அதுதான், ஆனா முழங்கை நீளம். எல்லா ரூமுக்கும் தண்ணி அதுலேர்ந்துதான் போகுது.

போன வருசம் இதே பூஜை லீவுக்கு லாட்ஜ் நிரம்பிக் கிடக்கு, மொத நாளே காயில் எல்லாம் கருகிப் போச்சு. அப்ப வந்த மெக்கானிக் என்ன சொன்னான் தெரியுமா? டாங்கியில தண்ணி நிரம்புறதுக்கு முன்னாடி யாரோ ஸ்விட்சப் போட்டுட்டாங்களாம். காயில் தண்ணிக்குள்ள முங்காம வெறுமனே நின்னுச்சாம், அதனால எரிஞ்சுச்சாம். ஸ்விட்சப் போட்டது நான்தான். அதுல என்ன இருக்கு? நான் அன்னைக்கே போய் காலண்டரைப் பாத்தேன். பாத்தா, நான் போட்டது எமகண்டத்துல. ஒரு பரபரப்புல நேரம் பாக்காம விட்டுட்டேன். அதுதான் விசயம். இவன் தண்ணிங்கிறான். தண்ணி இப்ப இல்லைன்னா அப்புறம் வருது. நேரம் போனா வருமா தம்பி?

அந்தக் கதவு அசைஞ்ச மாதிரி இருந்துச்சா? இல்லையா? காத்துதான் போல.

அதான் இந்த வருசம் முன்ஜாக்கிரதையா நானே மாப்பிள்ளையக் கூப்பிட்டேன். தவமணின்னு பேரு. வத்தலக்குண்டுல கடை வச்சிருக்காரு. மோட்டார், ஹீட்டர், ஜெனரேட்டர் எல்லாம் பாப்பாரு. எனக்கு ஒரே பொண்ணு, வினோதினி, அவளைக் கட்டுனவரு. தங்கமான மனுசன், குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு குறைன்னா நிதானம். அப்பப்பா, அப்படி ஒரு நிதானம். இலையில சோறு போட்டா சாம்பாருக்குக் கை காட்டுறதுக்குள்ள நான் ரசத்துக்குப் போயிருப்பேன்.

புதன்கிழமை வந்தாரு. வந்ததும் பாய்லருக்குப் போற மெயினை இறக்கினாரு. சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கிற மெயின் பாக்ஸைத் திறந்து மூணு பியூஸையும் பிடுங்கினாரு. பீங்கான்ல கைப்பிடி வச்சு வெள்ளையா இருக்குமே, அது. பிடுங்கித் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. "எதுக்கு மாப்ள இம்புட்டுக் கனத்தைச் சுமந்துக்கிட்டுத் திரியிறீங்க, அங்கயே வைக்க வேண்டியதுதான"ன்னு கேட்டேன். "இது எம் பையில இருந்தா எம் உசுரு எம் பையில இருக்கு மாமா"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அப்புறம் ஒரு அட்டையை எடுத்து, 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே'ன்னு கொட்டை எழுத்துல எழுதி பாக்ஸ் மேல ஒட்டிட்டாரு. அதுக்கும் மேல டெஸ்டரை வச்சுப் பாத்துட்டுத்தான் ஷெட்டுல கையையே வச்சாரு. பயந்த சுபாவம்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

வேலையெல்லாம் சுத்தம்தான், குறை சொல்லக் கூடாது. டாங்கித் தண்ணியத் திறந்து விட்டாரு, செங்கல் கலர்ல வந்துச்சு. காயிலக் கழட்டி உப்பைச் சுரண்டிப் போட்டாரு. மேல ஒரு சேஃப்டி வால்வு இருக்கு, சூடு மிஞ்சினா அது வழியா ஆவி போகணும், இல்லைன்னா டாங்கியே வெடிச்சிருமாம். அது துருப்பிடிச்சு ஒட்டிக் கிடந்துச்சுன்னு புதுசு மாட்டினாரு. மறுநாள் மத்தியானத்துக்குள்ள புதுக் காயில், புது வாசர் எல்லாம் போட்டு முடிச்சிட்டாரு. தண்ணி நிரப்பி ஸ்விட்சப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனா அன்னைக்கு ஆயுத பூஜை. சாயங்காலம் பூஜை போட்டாச்சுன்னா மறுநாள் வரைக்கும் எதையும் ஓட்டக் கூடாதுல்ல.

நானே முன்ன நின்னு எல்லாம் பண்ணேன். அவரு ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டெஸ்டர் எல்லாத்தையும் கழுவித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, சாமி முன்னாடி வரிசையா அடுக்கினேன். முதலாளியம்மாவும் மதுரையிலேர்ந்து வந்துட்டாங்க. "அந்த பியூஸையும் குடுங்க மாப்ள"ன்னேன். தயங்கினாரு. "அது வேணாம் மாமா, அது எங்கிட்டயே இருக்கட்டும்"னாரு. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. "என்ன மாப்ள, கரண்ட்டே அது வழியாத்தான் போகுது, அதை விட்டுட்டுப் போடுறது என்ன பூஜை"ன்னு கேட்டேன். முதலாளியம்மா பாத்துக்கிட்டே நிக்கிறாங்க. மாமனார் கேட்டு, அதுவும் சாமி காரியத்துக்குக் கேட்டு, எப்படி மாட்டேன்னு சொல்லுவாரு? பையிலேர்ந்து எடுத்து மூணையும் எங் கையில வச்சாரு. வெதுவெதுன்னு இருந்துச்சு, அவரு உடம்புச் சூடு. நான் அதுக்கும் பொட்டு வச்சுத் தட்டுல வச்சேன்.

அப்படியே அந்த அட்டையையும் கழட்டினேன். பின்ன என்ன தம்பி, பூஜையும் அதுவுமா 'தொடாதே'ன்னு எழுதி வச்சிருந்தா நல்லாவா இருக்கு? அந்த எடத்துல மாவிலை கட்டி, பூ வச்சேன். பாக்ஸ் அப்படியே லட்சணமா ஆயிப்போச்சு. அட்டையைக் கிழிச்சா போட்டேன்? லாட்ஜ் பெஞ்சுக்கு அடியிலதான் வச்சேன். இப்பவும் அங்கதான் இருக்கு.

உங்க போன் அடிக்குது பாருங்க. எடுங்க, எடுங்க. நான் எங்கயும் போகல.

வச்சாச்சா? சரி. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, விஜயதசமி. இன்னைக்கு ஒண்ணை ஆரம்பிச்சா அது நிக்காது, விருத்தியாகும். ஆனா வெள்ளிக்கிழமைன்னா பத்தரைக்கு ராகுகாலம் பிறந்திரும். நல்ல நேரம் பத்தேகாலோட முடியுது. நான் விடிஞ்சதுமே மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன், "பத்தேகாலுக்குள்ள ஸ்விட்சப் போட்டுரணும், போன வருசக் கதை ஆகிரக் கூடாது"ன்னு. தலையாட்டினாரு. மறுபூஜை முடிச்சு, சூடம் காட்டி, அவரு ஸ்பேனரையும் டெஸ்டரையும் எடுத்துக்கிட்டாரு. பியூஸை எடுக்கக் கையை நீட்டினாரு. நான்தான், "அது தட்டுலயே இருக்கட்டும் மாப்ள, நேரா சாமிகிட்டேருந்து எடுத்து மாட்டினாத்தான் விசேசம்"னேன். ஏதோ சொன்னாரு. சொல்லிட்டு ஷெட்டுக்குப் போயிட்டாரு.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க அந்த நிதானம். டாங்கி நிரம்புது, நிரம்புது, நிரம்பிக்கிட்டே இருக்கு. பாண்டியம்மாவை மேல் மாடிக்கு அனுப்பி சுடுதண்ணிக் குழாயை எல்லாம் திறந்து விடச் சொல்லியிருக்காரு. உள்ள இருக்கிற காத்து பூரா புஸ்ஸு புஸ்ஸுன்னு வெளிய போயி, தண்ணி ஒரே சீரா விழணுமாம். அப்பத்தான் டாங்கி நிரம்புனதா அர்த்தமாம். நான் ஷெட்டுக்கு நடக்குறேன், "மாப்ள, ஆச்சா?" "இன்னும் கொஞ்சம் மாமா." திரும்பி வர்றேன், காலண்டரைப் பாக்குறேன், கடிகாரத்தைப் பாக்குறேன், மறுபடி போறேன். "ஆச்சா மாப்ள?" "இன்னும் கொஞ்சம் மாமா." முதலாளியம்மா கோயிலுக்குக் கிளம்பினாங்க. போகும்போது, "காசி, நேரத்துக்குள்ள போட்டுருவீங்கல்ல? இந்த வருசமும் ஏதாச்சும் ஆச்சு..."ன்னு நிறுத்திட்டாங்க. நிறுத்தினா என்ன அர்த்தம்? அறுபத்தோரு வயசுல என்னை வேற எவன் வேலைக்கு வைப்பான்?

மேலேயிருந்து பாண்டியம்மா சத்தம் குடுத்தா, "தண்ணி நல்லா விழுகுது"ன்னு. அப்பாடான்னு ஷெட்டுக்கு ஓடினேன். மாப்பிள்ளை குனிஞ்சு அந்தத் தகட்டுக்கிட்ட டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டிருக்காரு. "ஒரு சொட்டு கசியுது மாமா. போல்ட்டு எல்லாத்தையும் ஒரு சுத்து முறுக்கி, ஒயர் முனையெல்லாம் ஈரமில்லாம துடைச்சிட்டு மூடிர்றேன்"னாரு. ஒரு சொட்டு தம்பி! ஒரு சொட்டுக்கு நேரத்தை விட முடியுமா?

திரும்பி வந்து சாமி முன்னாடி நின்னேன். பத்தேகால் ஆகப்போகுது. போன வருசம் தண்ணி இல்லைன்னாங்க, இந்த வருசம் தண்ணிதான் வந்துருச்சே, இனிமே என்னன்னு தோணுச்சு. ஒரே ஒரு தடவை ஸ்விட்சை ஏத்தி, உடனே இறக்கிட்டாப் போதும். நேரத்துல ஆரம்பிச்சதா ஆயிரும். சும்மா சாஸ்திரத்துக்கு. அப்புறம் அவரு ஆற அமர எப்ப வேணா போட்டுக்கட்டும்.

அவரு கையை எங்க வச்சிருக்காருன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஷெட்டு பின்னாடி இருக்கு, பாக்ஸ் முன்னாடி சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கு, நடுவுல ஒரு சுவரு. ஒரு குரல் குடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. பாண்டியம்மாவும் அதைத்தான் கேட்டா. குடுத்தா என்ன சொல்லுவாரு? "இன்னும் கொஞ்சம் மாமா"ம்பாரு. அதனாலதான் குடுக்கல.

தட்டுலேர்ந்து மூணு பியூஸையும் எடுத்தேன். சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. ஒண்ணொண்ணா மாட்டினேன். சூடம் கொளுத்திக் காட்டினேன். "விநாயகா, எந்த விக்கினமும் வரக் கூடாதுப்பா"ன்னு கண்ணை மூடி வேண்டிக்கிட்டு, மெயின் ஸ்விட்ச் கைப்பிடியை மேல ஏத்தினேன்.

டம்முனு ஒரு சத்தம். ஷெட்டுப் பக்கமிருந்து. அதோட ஒரு... அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல தம்பி. மனுசன் போடுற சத்தம் மாதிரியே இல்ல.

உடனே அணைக்கணும்னுதானே போட்டேன்? சத்தம் கேட்டதும் எல்லாம் மறந்து போச்சு. கைப்பிடியை அப்படியே விட்டுட்டு ஓடினேன். போய்ப் பாத்தா, மாப்பிள்ளை டாங்கியோட ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு. வலது கை அந்தத் தகட்டு மேல ஒயர் சேர்ற பெட்டிக்குள்ள இருக்கு. உடம்பு பூரா உதறுது, தரையெல்லாம் ஈரம், கண்ணு என்னையே பாக்குது. என்னைப் பாக்குதா, வேற எதையாவது பாக்குதான்னு தெரியல. "மாப்ள!"ன்னு கத்திக்கிட்டுப் பிடிக்கப் போனேன். அப்ப மாடிப்படியிலேர்ந்து பாண்டியம்மா, "தொடாதய்யா! யோவ் கிழவா, ஸ்விட்ச் போட்டிருக்கியா? போய் அணைய்யா!"ன்னு கத்துறா. நான் அங்கயே நின்னு கத்திக்கிட்டிருந்தேன். அவதான் வெளக்குமாத்தைக் கையில பிடிச்சபடியே உள்ள ஓடி, அதாலயே அடிச்சு இறக்கினா. மாப்பிள்ளை பொத்துன்னு விழுந்தாரு.

நான் மேனேஜர் தம்பி. எத்தனை வருசமா அவளுக்கு நான்தான் சம்பளம் குடுக்குறேன். எல்லாரும் இருக்க, என்னையப் பாத்து யோவ் கிழவாங்கிறா. அந்த நேரத்துல சொன்னது சரி, போகட்டும். இங்க வந்தும் இன்னும் ஒரு வார்த்தை மன்னிச்சுக்கங்கன்னு சொல்லல.

மூச்சு இல்ல. மூக்குல கை வச்சுப் பாத்தேன், இல்ல. கீழ் ரூம்ல தங்கியிருந்த ஒருத்தர் ஓடிவந்து, அவரைத் தரையில நீட்டிப் போட்டு, நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு அமுக்குறாரு. அமுக்குறாருன்னா அப்படி ஒரு அமுக்கு. "விலா ஒடைஞ்சிரும் சார், விடுங்க"ன்னு நான் சத்தம் போட்டேன். பாண்டியம்மா என்னைப் பிடிச்சு ஓரமா தள்ளிவிட்டா. அமுக்கிக்கிட்டே வந்தாரு அந்த மனுசன், அவரு கூட வந்தவரு ஓட்ட, அவரு கார்லயேதான் கொண்டாந்தோம். வழியில ஒரு இடத்துல மாப்பிள்ளைக்கு வாய் திறந்து ஒரு மூச்சு வந்துச்சு. அதைக் கேட்டதும் நான் கார்லயே அழுதுட்டேன். வெக்கம் என்ன இதுல.

கை விரல் ரெண்டு கருகிப்போச்சு. சரியாகுமான்னு தெரியலையாம். அது கிடக்கட்டும், உசுரு வரட்டும். விரலு இல்லாம எத்தனை பேரு தொழில் பண்ணல?

டாக்டரம்மா கேட்டாங்க, "வேலை நடக்கும்போது மெயினை யாரு போட்டது?"ன்னு. இவங்க எழுதித்தான் அனுப்பணுமாம், போலீஸ்காரர் வந்து விசாரிப்பாராம். "கரண்ட் வந்துருச்சும்மா"ன்னு சொன்னேன். ஏன், அது உண்மைதானே? கரண்ட் வந்ததாலதானே இப்படி ஆச்சு? வரலைன்னா ஆகியிருக்குமா? பாண்டியம்மா என்னை ஒரு பார்வை பாத்தா. பாத்துட்டுத்தான் அந்தத் தூணுக்கு அந்தப் பக்கம் போனா.

என் போனு அடிக்குது. வினோதினிதான். இருங்க.

"ஆமாம்மா... இன்னும் இல்லம்மா... எங்க வர்ற? பெருமாள்மலையா? சரி சரி, பிள்ளைக்கு வாந்தி வந்தா ஜன்னல் பக்கம் வச்சுக்க... எப்படி ஆச்சுன்னா, என்னம்மா கேக்குற, கரண்ட்தானம்மா... வா, நேர்ல பேசிக்கலாம். வச்சிர்றேன்."

பெருமாள்மலை தாண்டிட்டாளாம். இனிமே வர எம்புட்டு நேரம் ஆகப்போகுது. ஒன்றரை வயசுப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அந்த வளைவு பூரா அழுதுக்கிட்டே வர்றா. காலையிலேர்ந்து போன் போட்டு ஒரே கேள்விதான். "எப்படிப்பா ஆச்சு? அவரு அப்படிக் கவனமில்லாம கை வைக்கிற ஆளே இல்லையே, எப்படிப்பா?" என்னன்னு சொல்லுவேன் தம்பி? அம்மா இல்லாத பிள்ளை. அவ அம்மா போனப்ப ஏழாங்கிளாஸ் படிச்சா. தலை பின்னத் தெரியாம நான் கோணல்மாணலா பின்னிவிட்டு, அதோடயே பள்ளிக்கூடம் போவா. எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான். உள்ள அவருக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா... ஆகாது. ஆகாதுன்னு வைங்க. ஆகாமப் போனாலும், அவளுக்குத் தெரிஞ்சா எம் மூஞ்சியில முழிக்க மாட்டா. அவ குணம் எனக்குத் தெரியும்.

தெரியிறதுக்கு என்ன இருக்கு? நான் தப்பா ஒண்ணும் பண்ணல. நேரம் பாத்துத்தான் பண்ணேன்.

கதவு! கதவு திறக்குது தம்பி. நர்ஸு வருது. என்னம்மா? தவமணி, ஆமா, நான்தான் மாமனாரு. என்னது? முழிச்சிட்டாரா? பேசினாரா? ஐயா சாமி... என்னம்மா பேசினாரு? ... ம். ... ம். ... சரிம்மா. அஞ்சு நிமிசம் கழிச்சு ஒருத்தர் மட்டும். சரிம்மா.

கேட்டீங்களா தம்பி? முழிச்சிட்டாரு. பேரு கேட்டாங்களாம், சொன்னாராம். என்ன ஆச்சுன்னு கேட்டாங்களாம். "நான்தான் மறந்துட்டேன். பியூஸை எடுக்காமயே கை வச்சிட்டேன். யாரு மேலயும் தப்பு இல்ல"ன்னு சொன்னாராம். அதையே டாக்டரம்மா எழுதிக்கிட்டாங்களாம்.

பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? அவரே சொல்லிட்டாரு, அவரு தப்புன்னு. இனிமே யாரு என்ன சொல்ல முடியும்? ஏ பாண்டியம்மா, கேட்டியா, உன்னைத்தான்... திரும்ப மாட்டேங்கிறா பாருங்க.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க?

இல்ல, மறக்கல. எனக்குத் தெரியாதா மறக்கலைன்னு? மூணும் தட்டுலதானே இருந்துச்சு, எடுத்து வச்ச எனக்குத் தெரியாதா? காலையில ஏதோ சொன்னாருன்னேனே. என்ன சொன்னாருன்னு உங்ககிட்டச் சொல்லல. "சரி மாமா, பியூஸ் இங்கயே இருக்கட்டும். ஆனா நீங்க இந்த எடத்தை விட்டு நகராதீங்க. யாரும் பாக்ஸ்கிட்ட வராமப் பாத்துக்கங்க. நீங்க நிக்கிறீங்கங்கிற தைரியத்துலதான் கை வைக்கப் போறேன்"னாரு. "நான் இருக்கேன்ல, போங்க மாப்ள"ன்னு நான்தான் சொன்னேன். என்னைத்தான் காவலுக்கு நிறுத்திட்டுப் போனாரு தம்பி. வேற யாரும் வரல. ஒருத்தரையும் நான் விடல. அதுல நான் வாக்குத் தவறல.

யாரையும் விடல. நான் மட்டும்தான் அங்க நின்னேன்.

அதோ, ஆட்டோ வந்து நிக்குது. பச்சைச் சேலை. அவதான், வினோதினிதான். பிள்ளை தோள்ல தூங்குது. செருப்புக்கூடப் போடாம வந்திருக்கா பாருங்க, இந்தக் குளிர்ல. தம்பி, ஒரு உதவி பண்ணுங்க. அந்தக் கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்கங்க. கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க யாரோ, நான் யாரோ. நாம ரெண்டு பேரும் பேசிக்கிடவே இல்ல. உங்க அம்மாவுக்குச் சரியாகிரும், நான் வேண்டிக்கிறேன். போங்க, போங்க, வந்துட்டா.

வாம்மா. அழாத, அழாத, முழிச்சிட்டாரு, இப்பத்தான் நர்ஸு சொல்லிட்டுப் போச்சு. பிள்ளைய எங்கிட்டக் குடு. நீ உள்ள போய்ப் பாரு... என்னம்மா? ஸ்விட்சை யாரு போட்டதா?

மாப்பிள்ளையே சொல்லிட்டாரும்மா. அவருதான் மறந்துட்டாராம்.